மாரிக்குள் முடியும் நிதியாண்டு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் போன கிழமை கிடைத்தது. கண் சத்திர சிகிச்சைக்குப் பிறகு சிறிய எழுத்தையும் வாசிக்க முடிகிறது என்று நீர் எழுதியிருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இங்கே மாரி தொடங்கிவிட்டது. மூன்று நாளாக எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் உட்துறைமுகமே தெரியவில்லை. வரவு செலவுத் திட்டம் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று உமது பேர்த்தி கேட்டதாகவும், அதற்குரிய பதிலை என்னிடம் வாங்கித் தருவதாக நீர் வாக்குக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தீர். கடிதத்தை வாசித்த அன்றே எழுத உட்கார்ந்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க, நாம் இருவரும் வேலை பார்த்த மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கண்ட விடயங்களே முன்னுக்கு வந்து நின்றன.

மன்னன் பொது ஆலோசனையின்றிச் சில வரிகளை அறவிடக்கூடாது என்ற 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டா, அரச வருமானம் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று 1787இல் பிரித்தானியாவில் உருவான திரட்டு நிதியம், செலவைச் சுதந்திரமான கணக்காய்வுக்கு உட்படுத்திய 1866ஆம் ஆண்டின் சட்டம் ஆகியவை அவளது பாடநூலிலேயே இருக்கும். கணக்குக் குச்சியைப் பற்றி மட்டும் நீர் அவளுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகத் திறைசேரியில் பணம் கட்டியதற்குச் சான்று ஒரு மரக் குச்சிதான். தொகைக்கேற்ற அகலத்தில் அதில் வெட்டுகள் இட்டு, நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் பணம் கட்டியவரிடம் கொடுத்து, மறு பாதியைத் திறைசேரி வைத்துக்கொண்டது. பின்னர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வெட்டுகள் பொருந்தாவிட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வழக்கொழிந்த அந்தக் குச்சிகளை 1834இல் அடுப்பில் போட்டு எரித்தபோதுதான் பாராளுமன்றக் கட்டிடமே தீப்பற்றி அழிந்தது. நம்மவர்களும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவராக்குகிறது. இன்றைய சட்டங்களில் அவ்வளவு கடுமையை நான் காணவில்லை.

இலங்கையில் இந்தக் கதை 1864இல் சூடு பிடிக்கிறது. இராணுவச் செலவைக் குடியேற்ற நாட்டின் தலையில் கட்டியதையும், அதைத் தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு இல்லாததையும் எதிர்த்து, சட்ட நிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற (அரச அதிகாரிகள் அல்லாத) உறுப்பினர்கள் ஒன்றாகப் பதவி விலகினார்கள். ஜோர்ஜ் வோல், லோரன்ஸ் முதலியோர் அதில் இருந்தார்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தபோதும் நிதிச் செயலாளர் பதவி தெரிவு செய்யப்படாத அதிகாரி ஒருவரிடமே இருந்தது. நிதியமைச்சர் என்று ஒருவரைக் காண 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறே ஆண்டுகளில், பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்து, 1953 ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்து, பிரதமரும் பதவி விலக நேர்ந்தது.

நான் உண்மையில் எழுத விரும்புவது நிதியாண்டைப் பற்றி. நாம் கச்சேரியில் சேர்ந்தபோது அது ஒக்டோபர் 1இல் தொடங்கிச் செப்டெம்பர் 30இல் முடிந்ததை நீர் மறந்திருக்க மாட்டீர். கலண்டர் ஆண்டுக்கு மாறுவதற்காக 1971/72ஐப் பதினைந்து மாத ஆண்டாக்கினார்கள். பேரேட்டில் கூடுதலாக மூன்று மாதங்களுக்கு இடம் போதாமல் நீர் தாள் ஒட்டி, பசை காயும்வரை விசிறியின் கீழ் விரித்து வைத்தீர். அது வெறும் எழுத்து வேலை என்றுதான் அன்று நினைத்தோம். ஆனால் பழைய ஆண்டு எங்கள் பகுதியின் கோடையோடு முடிந்தது: வீதி, மதகு, குளக்கட்டு எல்லாம் வெயிலில் செய்து, மழை விழுவதற்குள் அளந்து, பணத்தைக் கொடுத்துவிடலாம். புதிய ஆண்டோ வடகீழ்ப் பருவமழையின் நடுவில் முடிகிறது. திறைசேரியிலிருந்து பணம் தாமதமாக வந்தால், வேலை ஒக்டோபர் வெள்ளத்துக்குள் போய்விடுகிறது. டிசெம்பர் 31இல் மிச்சப் பணம் காலாவதியாகிவிடுகிறது.

கணக்குக் கிளை என் பொறுப்பில் இருந்த ஒரு டிசெம்பரில், தம்பலகாமத்துக்கு அப்பால் ஒரு மதகு வேலை முடிந்துவிட்டதாக உறுதிச்சீட்டு ஒன்று என் மேசைக்கு வந்தது. எந்தத் திணைக்களம் என்பதை விட்டுவிடுவோம். நான் போய்ப் பார்த்தேன். நான்கு ஹியூம் கொங்கிரீட் குழாய்கள் வீதியோரத்தில் மழையில் கிடந்தன. ஒன்றின் உள்ளே ஆட்டுக்குட்டி ஒன்று ஒதுங்கி நின்றது. தோண்டிய பள்ளம் நிறையத் தண்ணீர். நான் ஒப்பமிடவில்லை, பணம் திறைசேரிக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் அந்த மதகு இடம்பெறவில்லை. இரண்டு மாரிக்கு அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரைக் கடந்தே பள்ளிக்கூடம் போனார்கள். அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணத்தின்படி நான் செய்தது சரியே. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்தப் பிள்ளைகளை என் நினைவிலிருந்து அகற்ற முடியவில்லை. பிழை அந்த உறுதிச்சீட்டில் மட்டும் இருக்கவில்லை, எங்கள் மழையை அறியாதவர்கள் வகுத்த ஆண்டிலும் இருந்தது.

இதைத் திருத்தத்தான் மாகாண சபை வந்தது என்று நான் நம்பினேன். நிதியாண்டை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லாவிட்டாலும், 'மாசி பங்குனிக்குள் பணத்தை விடுவியுங்கள், இல்லையேல் எங்களுக்கு அது பயன்படாது' என்று கேட்க எங்கள் ஊரிலேயே தெரிவு செய்யப்பட்டவர்கள் இருப்பார்கள் அல்லவா? 1988 முதல் 1990 வரை வடகிழக்குச் சபையும், 2008 முதல் 2017 வரை கிழக்குச் சபையும் இருந்தன. 2017 செப்டெம்பர் 30இல் கிழக்குச் சபை கலைந்த பின்னர் தேர்தல் இல்லை. மாகாணத்தின் பணம் ஆளுநரின் அதிகாரத்திலேயே செலவாகிறது. அதிகாரிகள் நேர்மையாகவே உழைக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் குச்சியின் ஒரு பாதி திறைசேரியில் இருக்க, மறு பாதியை வைத்திருக்க வேண்டிய கை இல்லாமல் போய்விட்டது என்றே எனக்குப் படுகிறது. 1864இல் பதவி விலகி எதிர்ப்புக் காட்டவாவது உறுப்பினர்கள் இருந்தார்கள்.

சட்டத்தால் எல்லாம் சீராகும் என்று பேர்த்தி நினைத்தால், 2003ஆம் ஆண்டின் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டத்தையும் அவள் படிக்கட்டும். வரவு செலவில் துண்டுவிழும் தொகையை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 வீதத்துக்குள் அடக்குவதாக அது சொன்னது. இலக்குகள் பல முறை தள்ளிப்போடப்பட்டன. 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் வட்டி நீங்கலான செலவுக்கு அதே உற்பத்தியின் 13 வீதம் என்று வரம்பு இட்டிருக்கிறது. இந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் கையிருப்பைக் காக்கத் திறைசேரி பணத்தைப் பிடித்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் எங்கள் கோடையிலிருந்து கழிகிறது.

உம்மிடம் 1992ஆம் ஆண்டுப் பதிப்பு நிதிப் பிரமாணங்கள் இருக்கின்றன அல்லவா? ஓரங்களில் நீர் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு அதை அவளிடமே கொடுத்துவிடும். தைப்பொங்கலுக்கு அவளையும் அழைத்து வாரும். மழை விட்டிருந்தால் அந்த மதகைக் காட்ட நான் கூட்டிக்கொண்டு போகிறேன். பிறகு ஒரு வழியாகக் கட்டி முடித்தார்கள், இப்போதும் உறுதியாக நிற்கிறது.

உமது அன்பு நண்பன்