நிறுத்த மறந்த டேப்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் அந்தப் பழைய கேசட்டின் ஆடியோவும் வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, நம்பு. தனியாக மூன்று தடவை கேட்டேன், நாலாவது தடவை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன், அதற்கப்புறம் என்ன எழுதுவதென்று கை ஓடவில்லை.

முதலில் வழக்கமான சமாச்சாரம். திருச்சியில் வெயில் ஆரம்பித்துவிட்டது, மத்தியானம் தில்லைநகர்ப் பக்கம் ஒரு நாய்கூட வெளியே வருவதில்லை. மகள் பெங்களூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மூன்று நிமிடத்தில் வைத்துவிடுகிறாள். எனக்கு இடது முழங்கால் மக்கர் செய்கிறது. உன் அம்மா ஒருவழியாக, நாம் வளர்ந்த பிட்ஸ்பர்க்கில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு உன்னோடு கொலம்பஸுக்கு வர ஒத்துக்கொண்டது பெரிய நிம்மதி. அந்த பேஸ்மென்ட் படிக்கட்டில் இந்த வயதில் துணிக் கூடையோடு ஏறி இறங்குவதை நினைத்தாலே பயமாக இருந்தது. ஆனால் வீட்டைக் காலி செய்கிறேன் என்று கண்டதையும் தூக்கிப் போடாதே. நீ அப்படிச் செய்யக்கூடிய ஆள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நமக்குக் கிடைத்த மாதிரி கவலையே இல்லாத சின்ன வயசு என் பையன்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் ஆமாம் என்று தலையாட்டினேன். கழுத்தில் நாடா கட்டித் தொங்கிய வீட்டுச் சாவி, பஸ் இறங்கியதும் நாமே பூட்டைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் சீரியலைக் கொட்டிப் பால் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தெருவிளக்கு எரியும்வரை சைக்கிள். எங்கே போனோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பிற்பாடு, 84, 85 வாக்கில், பால் அட்டைப்பெட்டியிலேயே காணாமல் போன பிள்ளைகளின் படத்தை அச்சடிக்க ஆரம்பித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே சீரியல் தின்றுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். இப்போது என் மகள் ஆட்டோ ஏறினால் வண்டி நம்பர் என் போனுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. அதே ஆள்தான் நான்.

டிவியைப் பற்றி நீ எழுதியதில் ஒரு திருத்தம். நம் வீட்டில் நாலு சானல் இல்லை, ஐந்து. 2, 4, 11, 13, அப்புறம் கீழே இருந்த இரண்டாவது குமிழைத் திருகித் திருகிப் பிடிக்க வேண்டிய 53. அந்த 53-க்காக ஆன்டெனாவில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றவன் நான், சோபாவில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று அதிகாரம் செய்தவன் நீ. சனிக்கிழமை காலை கார்ட்டூன் பார்க்க ஆறரை மணிக்கே எழுந்து, பெரியவர்கள் விழித்துவிடாமல் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம், பள்ளிக்கூட நாளில் ஏழரைக்கு எழுப்பினால் காய்ச்சல் என்போம்.

13-ம் சானலில் குழந்தைகள் நிகழ்ச்சியில் ஃபிரெட் ராஜர்ஸ் வருவாரே, ஸ்வெட்டரை மாட்டி, ஷூவைக் கழற்றி ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு? அமெரிக்கா முழுவதும் அவரைப் பார்த்தது, ஆனால் நமக்கு அவர் உள்ளூர்க்காரர், பிட்ஸ்பர்க்கிலேயே ஓக்லாந்துப் பகுதியில் இருந்த ஸ்டூடியோவில்தான் படம் பிடித்தார்கள். நமக்கு எட்டு வயதானதும் அது குழந்தைப் பிள்ளைகள் பார்க்கிறது என்று ஒதுக்கிவிட்டோம். அம்மா விடவில்லை. நான் ஸ்கூலுக்குப் போன பிறகு தினமும் பார்ப்பாளாம், அவர் அவ்வளவு நிதானமாகப் பேசியதால் ஒரு வார்த்தைகூட விட்டுப் போகாதாம். அம்மாவின் இங்கிலீஷ் அவரிடம் கற்றதுதான். இன்றைக்கும் கேஸ்காரனிடம்கூட அந்த மாதிரிதான் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவாள்.

பனி நாள் காலை இருக்கிறதே, அதை இங்கே ஒருவருக்கும் விளக்க முடியவில்லை. இருட்டில் எழுந்து ஜன்னலைப் பார், வெள்ளை. உடனே சமையலறைக்கு ஓடி கே.டி.கே.ஏ ரேடியோவை வை. லீவு விட்ட ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் பெயராக, அகர வரிசையில், சாவகாசமாகப் படிப்பார்கள். நம் எழுத்து தாண்டிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மழைக்கு கலெக்டர் விடுமுறை அறிவிப்பது போலத்தானே என்று என் மனைவி கேட்கிறாள். ஒருவகையில் அதுதான், ஆனால் அது இல்லை.

சேலஞ்சர் விண்கலம் வெடித்த நாளைப் பற்றி நம் வயதுக்காரர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். 1986 ஜனவரி 28, சக்கரம் வைத்த அந்த உயரமான ஸ்டாண்டில் டிவியை வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள், ஒரு பள்ளிக்கூட டீச்சர் விண்வெளிக்குப் போகிறாள் என்பதற்காக. கிளம்பி 73 வினாடி, அவ்வளவுதான். நம் டீச்சர் டிவியை அணைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றார். நாமும் சொன்னபடி கணக்குப் போட்டோம். பெரியவர்கள் வெளியே போய் நின்றுகொள்வது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த டேப். கேசட்டின் மேல் உன் அப்பா கையெழுத்தில் "திருச்சி – வேண்டாம்" என்று இருந்ததாக எழுதியிருந்தாய். அது ஏன் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். 1982 டிசம்பர், கிறிஸ்துமஸ் லீவு. ஊருக்குப் போன் பேசினால் அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவார், ஏரோகிராமில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடியாது, அதனால் எங்கள் தாத்தா பாட்டிக்கு கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம். உங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் எங்களுடையதைவிட நல்லது என்று எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். அப்பா ஆரம்பிக்கிறார். "இங்கே எல்லாரும் சௌக்கியம், வேலையெல்லாம் நல்லாப் போகுது, ஒரு குறையும் இல்லை." அதற்குள் பின்னால் நாம் இரண்டு பேரும் ஒரு கால் டாலர் காசுக்காக அடித்துக்கொள்கிறோம். (அது என் காசு. டேப்பில் தெளிவாகக் கேட்கிறது. 43 வருஷம் கழித்து எனக்கு சாட்சி கிடைத்துவிட்டது, வட்டியோடு அனுப்பு.) உன் அப்பா கத்துகிறார், "போச்சு, இது வேண்டாம், வேற கேசட் போடலாம்" என்கிறார், நம்மை பேஸ்மென்ட்டுக்கு விரட்டுகிறார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்து முதல் தடவை நான் அணைத்துவிட்டேன். இரண்டாவது தடவைதான் விட்டுப் பார்த்தேன். உன் அப்பா பட்டனை அமுக்க மறந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் டம்ளர் சத்தம். அப்புறம் என் அப்பா, அந்த சௌக்கியக் குரல் இல்லை, வேறு குரலில் கேட்கிறார்: "உங்க பக்கம் எத்தனை பேரை அனுப்பினாங்க?" உன் அப்பா, "பதினொண்ணு. ஜனவரியில இன்னும் இருக்காம்." பிறகு யாருமே பேசவில்லை. என் அம்மா, "வீட்டுக் கடனை நினைச்சாத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்துகிறாள். கீழேயிருந்து நாம் கத்துவது லேசாகக் கேட்கிறது.

அப்பா அந்த வீட்டை 1981 அக்டோபரில் வாங்கினார். அந்த மாதம் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. டேப் ஓடிய அந்த டிசம்பரில் நாட்டில் வேலையில்லாதவர்கள் 10.8 சதவீதம், நம் பிட்ஸ்பர்க்கிலோ எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. நமக்கு அந்தக் குளிர்காலம் என்றால் சியர்ஸ் கடையின் கேட்டலாக்கில் வேண்டிய சாமானுக்கெல்லாம் பேனாவால் வட்டம் போட்டதுதான் ஞாபகம். நான் பதினான்கு வட்டம் போட்டேன், வந்தது ஒரு ஸ்வெட்டர். அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

எதிர் வீட்டுச் செம்பட்டையை நினைவிருக்கிறதா? நாம்தானே அந்தப் பெயர் வைத்தோம், கடைசிவரை அவனுக்கு அர்த்தம் தெரியாது. அவன் அப்பா ஆலையில் வேலை பார்த்தார், அந்த வருஷம் வீட்டிலேயே இருந்தார், வாசலில் காரைத் திறந்து வைத்து எதையாவது ரிப்பேர் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்பா வீட்டில் இருக்கும் பையன் என்று எனக்கு அவன் மேல் பொறாமை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான், தயிர்சாதத்தில் சர்க்கரை போட்டு. அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், இன்னொரு தட்டு வைப்பாள்.

அப்புறம் அந்தச் சீஸ். ஒருநாள் அவன் அம்மா ஒரு நீளமான அட்டைப்பெட்டியோடு வந்தார், உள்ளே மஞ்சளாக ஒரே கட்டி, ஐந்து பவுண்ட், செங்கல் மாதிரி. எனக்கு ஒரே ஆச்சரியம். நாங்கள் கடையில் தாளாகச் சுற்றி விற்பதை எண்ணி எண்ணி வாங்குகிறோம், இவர்கள் வீட்டில் செங்கல் செங்கலாக வைத்திருக்கிறார்கள், இவர்கள்தான் பணக்காரர்கள் என்று முடிவு கட்டினேன். அம்மா அதைத் துருவித் தோசை மேல் போட்டாள், ரவை உப்புமாவில் போட்டாள், நீயும் தின்றிருக்கிறாய், நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னாய். அது என்ன சீஸ் என்று முப்பது வயதுக்கு மேல் எங்கேயோ படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பால் விலை விழாமல் இருக்க அரசாங்கம் வாங்கி வாங்கிக் கிடங்குகளில் அடுக்கியது மலையாகச் சேர்ந்துவிட, 1981 டிசம்பரில் ரீகன் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். வேலை போனவர்கள் வரிசையில் நின்று வாங்கி வருவது. நம் ஊர் ரேஷன் மாதிரி என்று வைத்துக்கொள்.

பாவம் அம்மா, தெரியாமல் வாங்கிக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். டேப் கேட்டு முடித்ததும் மெதுவாக எடுத்துச் சொன்னேன், அது அரசாங்கம் கொடுத்த இலவச சீஸ்மா என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"தெரியும்டா. பெட்டியிலேயே அச்சடிச்சிருந்ததே."

"அப்புறம் ஏன் வாங்கின? அவங்களே கஷ்டத்துல இருந்தாங்க."

"வேண்டாம்னு சொன்னா அவ பையனை அனுப்பமாட்டா."

சொல்லிவிட்டு வெந்நீர் போடப் போய்விட்டாள். உப்புமாவில் சீஸ் போட்டது ருசிக்கு இல்லை, அவன் கண்ணெதிரே அது செலவாக வேண்டும் என்பதற்காக என்று அடுத்த நாள் காலையில், நான் கேட்காமலேயே, காபி கொடுக்கும்போது சொன்னாள்.

1983 கோடையில் அவர்கள் வாடகை டிரக்கில் சாமானை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டன் பக்கம் போனார்களே, நாம் இரண்டு பேரும் அவனுக்கு இனி குதிரையும் கௌபாயும்தான் என்று பொறாமையில் வெந்தோம். நீ போன வருஷம் அனுப்பிய, ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை இருந்த இடத்தின் படத்தைப் பார்த்தேன். ஆலையை 86-ல் மூடியது தெரியும், அந்த இடத்தில் கடைகளும் சினிமா தியேட்டரும் வந்திருப்பதும் தெரியும், ஆனால் அந்தப் பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் அப்படியே நிற்க விட்டிருக்கிறார்கள் பார், அதற்குக் கீழே கார் நிறுத்திவிட்டு ஜனங்கள் ஷாப்பிங் போகிறார்கள்.

உன் பேச்சை மறுக்கிறேன் என்று நினைக்காதே. நமக்குக் கவலை இல்லாமல்தான் இருந்தது. ஸ்கூல் பிக்னிக்குக்குக் கென்னிவுட் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனது, அங்கே தண்டர்போல்ட் ரோலர் கோஸ்டரில் மேலே ஏற்றாமலேயே முதல் வேலையாகக் கீழே தள்ளிவிடுவார்களே, அப்போது நீ என் சட்டையைப் பிடித்துக் கிழித்தது, புத்தகம் படித்துக் கணக்குக் காட்டினால் குட்டி பீட்சா இலவசம் என்றதும் நீ பொய்க் கணக்கு எழுதி நாலு மாதம் தின்றது, எல்லாம் நிஜம். ஆனால் உன் பையன்களிடம் இதைச் சொல்லும்போது அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தையும் போட்டுக் காட்டு. நான் மகளுக்கு அனுப்பிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் பேசினாள், அதில் பாதி நேரம், "நீங்க எங்கிட்ட சௌக்கியம்னு சொல்றப்ப அது எந்தக் குரல்?" என்று குடைந்தாள். முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உன் அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். அந்தப் பதினொரு பேருக்கு அப்புறம் ஜனவரியில் என்ன ஆயிற்று? என் அப்பா இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன். எங்கள் அம்மா, அதெல்லாம் எதுக்கு இப்போ, என்கிறாள்.

ஷூ பெட்டியில் இன்னும் இரண்டு கேசட் இருக்கிறது என்றாயே, அவற்றையும் ஏற்றி அனுப்பு. ஓட விடுவதற்கு முன்னால் பென்சிலை நுழைத்துச் சுற்றி டேப்பை இறுக்கிக்கொள். "வேண்டாம்" என்று எழுதியிருப்பதை முதலில் அனுப்பு.

அந்தக் கால் டாலரையும் மறக்காதே.

உன்,
ஆன்டெனா