மருதம்பட்டையைப் பொடியாக வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய நோய்க்கு மருதம்பட்டை பயன்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மரத்தின் பெருமை நன்றாகவே சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பட்டை சென்னையில் இன்று எந்த வடிவில் நம் கைக்கு வருகிறது என்பது மட்டும் விடுபட்டுப் போனதால் இதை எழுதுகிறேன்.

கடுக்காய், தான்றி ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவான மருதமரத்தின் பட்டையை, முறிந்த எலும்பு கூடவும் குருதிப்போக்கு நிற்கவும் ஆயுர்வேதம் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயுர்வேத நூலாசிரியர் சக்ரபாணிதத்தர் இதய நோய்க்கு அதைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு பங்கு பட்டைக்கு 8 பங்கு பாலும் 32 பங்கு நீரும் சேர்த்து, நீர் முழுவதும் வற்றிப் பால் மட்டும் எஞ்சும் வரை சிறு தீயில் காய்ச்சுவதே பால் கஷாயத்தின் பொதுவான முறை. பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி என்பதால் வெறும் நீரில் காய்ச்சினால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, பாலிலுள்ள புரதத்தோடு சேரும்போது தணிந்துவிடுகிறது. தேநீர் போல ஒரு கொதி விட்டு வடிகட்டிக் குடிப்பது அந்த மருந்து ஆகாது.

ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் பட்டையைப் பட்டையாகவே கேட்டு வாங்கினால், அதைக் கண்ணால் சோதிக்க வழியுண்டு. மருதம்பட்டையின் வெளிப்புறம் வழவழப்பாகச் சாம்பல் நிறத்திலும், உட்புறம் செம்மை படர்ந்தும் இருக்கும். அதற்குப் பதிலாகக் கலக்கப்படும் கருமருதின் பட்டையோ கறுத்து, ஆழமாக வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளந்திருக்கும். இரண்டையும் அரைத்துவிட்டால் சாதாரண மனிதரால் பிரித்தறிய முடியாது. உரிமம் பெற்ற அரிஷ்டப் (புளிக்கவைத்துச் செய்யும் ஆயுர்வேத மருந்து) புட்டியில் சேர்மானமும் தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் அச்சாகியிருக்கின்றன. நடைபாதையில் விற்கும் பொடிப் பொட்டலத்தில் ‘இதயத்துக்கு நல்லது’ என்பதைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

இதைவிடக் கவலை தருவது, ‘அடைப்பை நீக்கும்’ என்ற வாக்கை நம்பி மாத்திரையைக் கைவிடுவது. எங்கள் குடியிருப்பில், இதய ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழல் பொருத்திக்கொண்ட பெரியவர் ஒருவர், ரத்தம் உறையாமலிருக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் உட்கொண்டு வந்தார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மருதம்பட்டையை உட்கொள்ள விரும்புவோர், குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கும் ரத்த உறைவுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், அதை முதலில் தங்கள் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பட்டம் பெற்ற இந்திய முறை மருத்துவரின் ஆலோசனைக்கு அரும்பாக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது.

மரத்தின் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. தண்டைச் சுற்றி முழு வளையமாகப் பட்டையை உரித்தால், இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் வழி அறுபட்டு மரம் பட்டுப்போகும். ஒரு பக்கத்தில் மட்டும், வெளிப்பட்டையை மட்டும் எடுத்தால் அது மீண்டும் வளரும்.

எனவே, எந்த மரம், எந்தப் பகுதி, எப்போது சேகரித்தது, யார் பொட்டலமிட்டது ஆகிய விவரங்கள் இல்லாத மருதம்பொடியை மாநகரில் விற்க அனுமதிக்கக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை.