மந்திரக் கிண்ணங்களை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அரமேயம் என்னும் பழைய மேற்காசிய மொழியில் எழுதப்பட்ட மந்திரக் கிண்ணங்களைப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்களுக்கும், தனியார் சேகரிப்பாளர்களுக்கும், அவற்றின் வாசகங்களைப் பதிப்பிக்கும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், இன்றைய இராக்கில் வாழ்ந்த யூதர்களும் அவர்களுடைய அண்டை அயலாரும் தீய ஆவிகளைக் கட்டுவதற்காக எழுதிப் புதைத்த மண்கிண்ணங்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த நிலையில் கிடைத்தது, யார் யார் கைமாறி உங்களிடம் வந்து சேர்ந்தது என்பதை உள்ளது உள்ளபடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1888 முதல் 1900 வரை இராக்கின் பழைய நகரான நிப்பூரில் நடத்திய அகழாய்வில் இத்தகைய கிண்ணங்கள் வீடுகளின் தரைக்கு அடியில் கவிழ்த்து வைக்கப்பட்ட நிலையிலேயே வெளிப்பட்டன. சில இடங்களில் இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் பொருத்தி நிலக்கீல் பூசி ஒட்டியிருந்தார்கள். உட்புறத்தில் மையால் சுருள்வட்டமாக எழுதப்பட்ட வாசகமும், நடுவில் விலங்கிடப்பட்ட பேயின் உருவமும், கிண்ணம் கவிழ்ந்திருந்த நிலையும், அது காத்து நின்ற வாசலும் சேர்ந்ததுதான் அந்த மந்திரம். அந்த நிலையில் கண்டெடுத்தவர்கள் அதைக் குறித்துவைத்ததால்தான், ஆய்வாளர் ஜேம்ஸ் மான்ட்கோமெரி 1913இல் அவ்வாசகங்களைப் பதிப்பித்தபோது எழுத்தோடு அந்த வீடுகளைப் பற்றியும் நம்மால் அறிய முடிந்தது.

அவர் பதிப்பித்தவற்றுள் ஒன்றில் மஹ்லஃப்தாவின் மகள் கோமிஷ் என்ற பெண், தன் வீட்டை அலைக்கழிக்கும் லிலித் என்னும் பெண்பேய்க்கு மணவிலக்கு அளிக்கிறாள். யூத சமயச் சட்டப்படி மணவிலக்கு ஆவணத்தைக் கணவன் மட்டுமே மனைவிக்கு எழுதித் தர முடியும். அந்த உரிமை இல்லாத ஒரு பெண், அதே சட்டத்தின் சொற்களைக் கொண்டு ஒரு பேயை வீட்டைவிட்டு அனுப்புகிறாள். வேறு சில கிண்ணங்களில் அந்த ஆவணம் கடலுக்கு அப்பாலிருந்து வந்ததாகவும், யோசுவா பர் பெராகியா என்னும் பழைய ஆசானின் அதிகாரத்தால் செல்லுபடியாவதாகவும் எழுதியிருக்கிறது. தனியே வீட்டில் உறங்குபவனை லிலித் பற்றிக்கொள்வாள் என்று, யூத சமயச் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய தொகுப்பான பாபிலோனியத் தல்மூது எச்சரிப்பதும் இதே நிலத்தில்தான். அத்தல்மூதின் முழுப் படிகளாக நமக்குக் கிடைத்தவை பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டவை. அக்கால பாபிலோனிய யூதர்கள் தங்கள் கையாலேயே எழுதி நமக்கு எஞ்சியவை ஏறத்தாழ இக்கிண்ணங்கள் மட்டுமே. இவற்றை மூடநம்பிக்கையின் எச்சம் என்று ஒதுக்கும் காட்சிப்பலகைகளைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வேதனை உண்டாகிறது. பிள்ளை பிழைக்க வேண்டும், மனைவி நலமாகப் பிள்ளை பெற வேண்டும் என்று அஞ்சிய குடும்பங்கள், தாயின் பெயரோடு சேர்த்துத் தங்கள் பெயரை எழுதிவைத்த ஆவணங்கள் அவை.

1991ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இராக்கின் தொல்லியல் மேடுகள் சூறையாடப்பட்டபோது கிண்ணங்கள் சந்தையில் பெருகின. லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகக் கல்லூரிக்கு ஆய்வுக்காக இரவல் தரப்பட்ட, நார்வேயைச் சேர்ந்த மார்ட்டின் ஷோயெனின் தனியார் சேகரிப்பைச் சேர்ந்த 654 கிண்ணங்களின் வரலாறு நீங்கள் அறிந்ததே. அவை ஜோர்டானிலிருந்த பழைய சேகரிப்பொன்றிலிருந்து வந்தவை என்று உரிமையாளர் தரப்பு கூறியது. 2005இல் கல்லூரி விசாரணைக் குழு அமைத்தது. 2007இல் உடன்பாடு ஏற்பட்டுக் கிண்ணங்கள் உரிமையாளரிடமே திரும்பின. குழுவின் அறிக்கையைக் கல்லூரி வெளியிடவில்லை. 1990 ஆகஸ்ட் 6க்குப் பின் இராக்கிலிருந்து சட்டவிரோதமாக எடுத்துச் செல்லப்பட்ட பண்பாட்டுப் பொருள்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1483ஆம் தீர்மானம் 2003இலேயே கூறிவிட்ட நிலையில், கல்லூரி அந்த அறிக்கையைத் தானே வெளியிடாததை என்னால் ஏற்க முடியவில்லை.

வாசகத்தைப் படித்துப் பதிப்பித்தாலே அறிவு காப்பாற்றப்பட்டுவிடுகிறது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அழிந்துவரும் மையெழுத்தைப் படித்துத் தருபவர்களின் உழைப்பை நான் மிக மதிக்கிறேன். ஆயினும் எழுத்தைப் போலத் தோன்றும் கோடுகளை மட்டும் கொண்ட கிண்ணங்களும் பல உண்டு. அவற்றில் படிப்பதற்கு எதுவும் இல்லை. கிடைத்த இடம் தெரியாவிட்டால் அவை எதுவும் சொல்லா. வாசகமுள்ள கிண்ணங்களைப் பொறுத்தும், ஒரே குடும்பத்துக்காக எழுதப்பட்டவை ஒரே வீட்டில் இருந்தனவா என்ற எளிய கேள்விக்குக்கூட, ஏலப் பட்டியல் விடை தராது.

இன்னொரு வாதம் கடினமானது. இவை யூத மரபுச்செல்வம். 1950–51இல் ஏறத்தாழ 1,20,000 யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த இராக்குக்கு இவற்றின் மீது என்ன உரிமை என்று கேட்கிறார்கள். அக்கேள்வியின் பின்னுள்ள காயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் யூத அரமேயத்தில் எழுதப்பட்ட கிண்ணங்களிலேயே பாரசீகப் பெயர் கொண்டவர்கள் பலர் பயனாளிகளாக இருக்கிறார்கள். கிழக்குக் கிறித்தவர்களின் மொழியான சிரியாக்கிலும், மாண்டேயர் என்னும் சமயக் குழுவினரின் மொழியிலும் எழுதப்பட்ட கிண்ணங்களும் உண்டு. ஒரு தெருவின் பல சமயத்தாரும் தங்கள் வாசல்களுக்காகக் கேட்டு வாங்கியவற்றை, அந்த மண்ணைத் தவிர்த்து எந்த ஒரு சமூகத்துக்கும் முழுதாக உரிமையாக்க முடியாது. யூத வழித்தோன்றல்களுக்கு அவற்றில் பங்கு உண்டு. அதைத் திருட்டுக்கு மறைப்பாக்குவது அவர்களுக்கும் செய்யும் அநீதி.

ஆகவே உங்களிடமுள்ள கிண்ணங்களின் கொள்முதல் ஆவணங்களைப் படங்களுடன் வெளியிடுங்கள். ஆவணம் இல்லாதவற்றைப் பற்றி இராக்கின் தொல்பொருள் துறைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஆய்விதழ் ஆசிரியர்கள், வந்த வழி கூறப்படாத கிண்ணத்தின் வாசகத்தை அச்சுக்கு ஏற்க வேண்டாம். காட்சிப் பேழைகளில் ஒரு கிண்ணத்தையாவது, அது மண்ணில் இருந்தபடியே கவிழ்த்து வையுங்கள். லண்டன் கல்லூரியின் பொறுப்பாளர்கள் 654 கிண்ணங்கள் பற்றிய அந்த அறிக்கையைத் தங்கள் பெயரிலேயே முழுமையாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
இக்கிண்ணங்களைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்