அனுபவம் பத்தாது

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாளைக்கு உங்கள் வருஷாப்திகம். உங்கள் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு வரச் சொன்னான், போகிறேன். அவனிடம் சொல்லத் துணியாததை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நம் நாடகத்தை மறுபடியும் மேடையேற்றத் தீர்மானித்துவிட்டேன். உங்கள் வேடத்தை இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் போடுகிறான். இன்னொருவன் அதைப் போடக் கூடாது என்று நீங்கள் மருத்துவமனைக் கட்டிலில் சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்காமலேதான் மீறுகிறேன்.

பலர் கண்ணில் படும் இடத்தில் எழுதுவதால் சிலவற்றைத் தவிர்க்கிறேன். அந்த முன்பணத்தைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் உங்களைப் பார்க்க யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கையும் எடுக்க மாட்டேன்; அந்தக் கணக்கில் என் பெயர் எந்தப் பக்கம் விழும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் 1984இல் சுவாமி சிவானந்தா சாலைத் தொலைக்காட்சி நிலையத்தில் நடந்த அந்தப் பதிவை மட்டும் எழுதியாக வேண்டும். (உங்களுக்குத் தெரிந்ததை இளையவர்களுக்காக ஒரு வரி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய பின் பல ஆண்டுகளுக்கு வீட்டில் வேறு அலைவரிசை கிடையாது. ஆகவே செவ்வாய்க்கிழமை நாடகத்தில் ஒரு தடவை முகம் காட்டியவனுக்கு, நூறு மேடை ஏறியும் கிடைக்காத பெயர் மறுநாள் காலையில் கிடைத்துவிடும்.) நாம் எல்லோரும் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். இரண்டு மணி நேர நாடகத்தைப் பாதியாக வெட்டியிருந்தோம். பிரதியை வெட்டிய இரவு, எதை வேண்டுமானாலும் எடு, தலைமை குமாஸ்தா சாப்பாட்டுக் கூடையோடு நிற்கும் காட்சியைத் தொடாதே என்றீர்கள். நானும் தொடவில்லை, பிரதியில்.

உங்கள் வேடமான அந்தக் குமாஸ்தா, ஓய்வு பெற்று ஆறு மாதமான மனிதர், தினமும் காலையில் எங்கே போகிறார் என்று மனைவி கேட்கிறாள். 'ஆபீசுக்குத்தான். என் நாற்காலியில புதுசா வந்தவன் ஒழுங்காத் தூங்கறானான்னு பார்த்துட்டு வரேன்' என்கிறார். மேடையில் இதற்கு ஒரு சிரிப்பு வரும். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பீர்கள், ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். சிரிப்பு ஏறி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் அந்த இடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொம்ப வருத்தத்தோடு, 'அனுபவம் பத்தாது' என்பீர்கள். முதல் சிரிப்பை எழுதியவன் நான். இரண்டாவது உங்களுடையது, பிரதியில் இல்லாதது, முதலாவதைப் போல இரண்டு மடங்கு.

அன்றைக்கு ஸ்டூடியோவில் சிரிக்க யாரும் இல்லை. மூன்று காமிராக்களும், காதில் கருவி மாட்டிய நாலைந்து பேரும், குளிர்சாதனத்தின் இரைச்சலும்தான் இருந்தன. நீங்கள் முதல் வரியைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தீர்கள். ஒரு பக்கம் துடைத்தாயிற்று, மறுபக்கமும் துடைத்தாயிற்று. வராத சிரிப்பு வந்து இறங்கும் வரை காத்துக்கொண்டிருந்தீர்கள். ஓரத்தில் நின்றவர் மேலே போகச் சொல்லிக் கையைச் சுழற்றினார். நான், உங்கள் மகன் வேடத்தில் நின்றவன், 'அப்பா, சாப்பாடு ஆறுது' என்று அடுத்த வரியை எடுத்துவிட்டேன். அதுதான் ஒளிபரப்பானது. தமிழ்நாடு பார்த்த உங்கள் முதல் முகத்தில் 'அனுபவம் பத்தாது' கிடையாது.

நீங்கள் வசனத்தை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்ததாக எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். காத்திருக்கிறீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாடாவில் வெட்டி ஒட்டுவது அன்று எளிதான வேலையல்ல, மறுபடி எடுப்பதென்றால் காட்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டும், நேரம் போய்க்கொண்டிருந்தது என்பதெல்லாம் உண்மைதான். இப்போது நினைத்தாலும் சரியான காரணங்களாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை என்பதும், நான் பேசினால் சிவப்பு விளக்கு என் பக்கத்துக் காமிராவில் எரியும், படம் என் மேல் திரும்பும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் அவற்றோடு சேர்த்தி. மன்னியுங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மேடையில் பேசாமல் நிற்பவனைத்தான் கவனிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள்தான். பூர்ணம் விஸ்வநாதன் நாடகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், 1947இல் தில்லி வானொலியில் விடுதலைச் செய்தியை வாசித்த குரல் அது, அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு மனிதர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் பார் என்றீர்கள். அந்த நீங்கள்தான் பிறகு சும்மா இருப்பதையே விட்டுவிட்டீர்கள். 1993இல் தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்ததும், தனியார் அலைவரிசைகளும் தொடர்களும் பெருகியதும், மாமனார் வேடங்களுக்கு உங்களை அழைத்ததும் தவறில்லை. மேடையில் நமக்குக் கிடைத்தது என்ன? சபா கொடுத்த தொகை செட்டுக்கும் விளக்குக்கும் வேனுக்கும் ஒப்பனைக்காரருக்கும் போன பிறகு மிஞ்சியது காபிக்குத்தான் காணும். மகள் திருமணத்துக்கு அது உதவாது. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அண்ணா. கோடை நாடக விழாவில் நமக்குத் தேதி கொடுத்திருந்த மாலையில், படப்பிடிப்பு முடியவில்லை என்று யாரோ ஒரு பையன் மூலம் சொல்லியனுப்பினீர்கள். வாசலில் நின்று வயதானவர்களிடம் கைகூப்பியவன் நான். அதை நான் மன்னிக்கவில்லை. நாளைக்குத் திதி என்பதற்காக மன்னித்ததாக எழுதவும் மாட்டேன்.

நாடகத்தைத் தொலைக்காட்சி கொன்றுவிட்டது என்று மேடைதோறும் பேசினீர்களே, தொலைக்காட்சிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னீர்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அது பாதி உண்மைதான். நம் நாடகங்களைத் துணுக்குத் தோரணம் என்று விமரிசகர்கள் சொன்னபோது நமக்குக் கோபம் வந்தது. தோரணத்தைக் கட்டியவன் நான் என்பதால் சொல்கிறேன்: அவர்கள் சொன்னது சரி. நிமிடத்துக்கு ஒன்று என்று எழுதினேன். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைச் சொல்லும் நடிகர்களையே தேடினேன். காத்திருக்கத் தெரிந்தவர் நம் குழுவில் நீங்கள் ஒருவர். தொடர்களில் உங்களைப் பார்த்த இரவுகளில், எதிரில் இருப்பவர் முடிப்பதற்குள் நீங்கள் பேசத் தொடங்கியதைப் பார்த்து டிவியை அணைத்திருக்கிறேன். உங்களை அப்படிப் பழக்கியதில் முதல் பாடம் என்னுடையதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதை உங்களிடம் கேட்காமலே இருந்துவிட்டேன்.

பையனுக்கு வருகிறேன். நல்ல பையன், உங்களைத் தொடரில் மட்டும் பார்த்தவன். போன வாரம் ஒத்திகையில் அந்த இடம் வந்தது. சிரிப்பு ஏறும்போது பேசாதே, இறங்கும்போது பேசு என்றேன். 'சிரிக்கவே இல்லைன்னா எவ்வளவு நேரம் சார் துடைக்கிறது?' என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

மகன் வேடத்துக்கு எனக்கு வயதாகிவிட்டது. ஆகவே சைடில் பிரதியோடு, பிராம்ப்ட் செய்பவனாக நிற்கிறேன். அந்தப் பக்கம் வந்ததும் பிரதியை மூடி நாற்காலியில் வைத்துவிடுவேன்.

உங்கள்
தம்பி