விடுதிப் படிவம் பற்றித் தோழிக்கு

கும்பகோணம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய விடுதிச் சேர்க்கைப் படிவமும் கிடைத்தன. பெரியவளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், பாலம் வரை நடந்துவிட்டுத்தான் வருவார். கடையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வேலை ஓய்ந்து, இப்போது பள்ளிக்கூட வேலைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. அதனால் உன் படிவம் சரியான நேரத்தில்தான் வந்தது. வேர்டில் புதிதாகவே செய்துகொண்டிருக்கிறேன். என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன். நாளைக்கு நீயோ உன் அலுவலகத்துப் பெண்ணோ அதை மாற்ற வேண்டி வந்தால் யாரையும் எதிர்பார்க்கக் கூடாது.

பழைய படிவம் பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் திரையில் தெரிவதுதான் தமிழ். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். உன் அலுவலகத்துப் பெண் பார்வையில்லாதவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துக் கேட்டுத்தான் வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் இந்தப் படிவம் அவர் காதில் ஒரு சொல்கூடத் தமிழாக விழுந்திருக்காது. பார்வையற்ற பெண்களுக்கான விடுதியில் இத்தனை வருஷம் அந்தப் படிவம் இருந்திருக்கிறதே என்று மனசு கஷ்டப்பட்டது. கோப்புக்குள்ளும் தமிழ் தமிழாகவே பதிகிற முறைதான் யூனிகோடு; 2010இலேயே தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. முழுவதையும் யூனிகோடில் திரும்ப அடித்துவிட்டேன். எழுத்துரு நிர்மலா, விண்டோஸ் எட்டிலிருந்து கணினியோடேயே வருவதால் நீங்கள் தனியாக எதையும் ஏற்ற வேண்டாம்.

அடுத்தது அந்த அடிக்கோடுகள். ‘பெயர்’ என்று போட்டு வரி முடிகிற வரை கோடு இழுத்திருக்கிறார்கள். கையால் எழுத அது போதும். கணினியில் அதன்மேல் தட்டினால் கோடு வலப்பக்கம் நகர்ந்து அடுத்த வரிக்கு வழியும், கீழே உள்ளதெல்லாம் இடம் மாறும். அதனால்தான் அட்டவணை. இடது கட்டத்தில் கேள்வி, வலது கட்டத்தில் பதில். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; இரண்டு பக்கமும் 2.54 விட்டால் 15.92 மிஞ்சும். கேள்விக்கு ஐந்தரை கொடுத்துவிட்டு மீதி முழுவதையும் பதிலுக்கு விட்டிருக்கிறேன். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போய், உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கட்டம் விரியும் வசதியை நிறுத்திவிட்டேன். அதை விட்டுவைத்தால் யாராவது நீளமான மின்னஞ்சல் முகவரி தட்டும்போது பதில் கட்டம் விரிந்து கேள்விக் கட்டத்தை நெருக்கிவிடும்.

வரிசையின் உயரத்தை ‘அட் லீஸ்ட்’ 0.9 செ.மீ. என்று வைத்திருக்கிறேன். கையால் எழுதுகிறவர்களுக்கு அந்த உயரம் வேண்டும். தட்டச்சு செய்கிறவரின் பதில் நீண்டால் கட்டம் தானே கீழே வளரும். அதை ‘எக்ஸாக்ட்லி’ என்று மட்டும் மாற்றிவிடாதே. கட்டத்துக்குள் அடங்காத வரி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும், அச்சிலும் வராது. வரி இடைவெளிக்கும் இதே கதைதான். எக்ஸாக்ட்லி என்று இறுக்கினால் ‘மீ’யின் மேல்சுழியும் ‘கு’வின் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும். புகைப்படம் ஒட்டும் கட்டத்துக்கு மட்டும் 4.5 செ.மீ. என்று எக்ஸாக்ட்லி கொடுத்திருக்கிறேன், அது வளரவும் கூடாது சுருங்கவும் கூடாது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பழைய படிவத்தில் தந்தை விவரம் இடப்பக்கம், தாய் விவரம் வலப்பக்கம் என்று நான்கு பத்தியாக இருந்தது. காகிதத்தில் பார்க்கிறவர்கள் தந்தையின் பெயர், தொழில், கைபேசி என்று மேலிருந்து கீழே எழுதிவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். கணினியில் டேப் விசை அப்படிப் போகாது. ஒரு வரிசை முழுவதையும் இடமிருந்து வலமாக முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிசைக்கு இறங்கும். தந்தை பெயர், தாய் பெயர், தந்தை தொழில், தாய் தொழில் என்று மாறி மாறி வரும். காதால் கேட்டு நிரப்புகிறவருக்கு ‘தொழில்’ என்று கேட்டால் யாருடைய தொழில் என்று தெரியாது. அதனால் அந்த நான்கு பத்தியைக் கலைத்துவிட்டேன். ஒருவரின் விவரம் முழுவதும் முடிந்த பிறகுதான் அடுத்தவர். கேள்வியையும் ‘தாயின் தொழில்’ என்றே முழுதாக எழுதியிருக்கிறேன். படிவம் அரைப் பக்கம் கூடிவிட்டது. கூடட்டும்.

கட்டங்களை ஒன்றாகச் சேர்க்கிற மெர்ஜ் வேலையையும் எங்குமே செய்யவில்லை. என்விடிஏ ‘இத்தனையாவது வரிசை, இத்தனையாவது பத்தி’ என்று சொல்லிக்கொண்டே போகும். சேர்த்த கட்டங்கள் வந்தால் அந்தக் கணக்கு குழம்பிவிடும். மாணவி, குடும்பம், உடல்நலம், முகவரி என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனி அட்டவணை போட்டு, நடுவில் தலைப்பு வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு வரியாவது இல்லாவிட்டால் வேர்ட் இரண்டு அட்டவணையையும் ஒட்டிவிடும் என்பதால் அந்த இடம் எப்படியும் வேண்டும். அதைத் தலைப்பாக்கி ஹெடிங் ஸ்டைல் கொடுத்துவிட்டால், உன் அலுவலகத்துப் பெண் என்விடிஏவின் ப்ரௌஸ் மோடில் எச் விசையை அழுத்தி நேராகத் தனக்கு வேண்டிய பகுதிக்குப் போய்விடுவார். படிவத்தைப் பூட்டுவதற்கு முன்னால் இதை அவரிடம் ஒருமுறை கொடுத்துக் கேட்கச் சொல்.

பதிலைத் தட்டவோ தேர்ந்தெடுக்கவோ பதில் கட்டங்களுக்குள் வைக்கிற கன்டென்ட் கன்ட்ரோல் எல்லாம் டெவலப்பர் தாவலில் இருக்கிறது. அந்தத் தாவல் தானாகத் தெரியாது. ஆப்ஷன்ஸில் கஸ்டமைஸ் ரிப்பன் போய் டிக் செய்ய வேண்டும். உங்கள் கணினியில் வேர்ட் 2010 என்றாய், அதனால் கவலையில்லை. எழுதும் கட்டமும் பட்டியலும் 2007லேயே வந்துவிட்டன, டிக் பெட்டி 2010இல்தான் வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ப்ராப்பர்ட்டீஸில் டைட்டில் என்ற இடத்தில் கேள்வியையே தமிழில் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஆங்கிலத்தில் ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று வரும் சாம்பல் நிற வாசகத்தையும் டிசைன் மோடில் தமிழாக்கிவிட்டேன். ஒன்றைக் கவனி: காலியாக அச்சடித்தால் அந்த வாசகமும் சேர்ந்தே அச்சாகும். அதனால் கையால் நிரப்புகிறவர்களுக்கென்று அது இல்லாத பிரதி ஒன்றும் தனியாக வைக்கிறேன்.

பழைய மாதிரி டெக்ஸ்ட் ஃபீல்டை நான் தொடாததற்கு ஒரு காரணம் உண்டு. அதில் எத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கலாம், பலரும் ஆசையாக வைப்பார்கள். ஆனால் கணினி நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது. ‘மீனாட்சிசுந்தரம்’ நமக்கு 9 எழுத்து. கணினிக்கு மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனி, ஆக 16. யாராவது தாராளமாகத்தான் இருக்கட்டுமே என்று 15 வைத்தால்கூடக் கடைசிப் புள்ளி விழாமல் ‘மீனாட்சிசுந்தரம’ என்று நிற்கும். அப்பா பெயரில் புள்ளி இல்லாமல் ஒரு பிள்ளையின் பதிவேடு தொடங்குவது எனக்குப் பொறுக்காது.

பின்கோடுக்கு ஆறு சின்னக் கட்டம் வேண்டும் என்று குறிப்பில் கேட்டிருந்தாய். கையால் எழுத அது வசதிதான். தட்டச்சில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு டேப் அழுத்த வேண்டும், காதால் கேட்கிறவருக்கு ஆறு வெற்றுக் கட்டங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒரே கட்டமாக்கி, கேள்வியிலேயே ‘6 இலக்கம்’ என்று சேர்த்துவிட்டேன். ஆதாருக்கும் அப்படியே, 12 இலக்கம்.

குறைபாட்டின் வகை கேட்கும் இடத்தில் பட்டியல் வைத்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை உண்டு. உங்கள் விடுதிக்கு அத்தனையும் தேவையில்லை. முழுப் பார்வையின்மை, குறைபார்வை இரண்டையும் மட்டும் போட்டு, பட்டியலுக்குக் காம்போ பாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அதில் பட்டியலில் இல்லாததையும் தட்டிச் சேர்க்கலாம். கூடவே காது கேட்பதிலும் சிரமம் உள்ள ஒரு பிள்ளை வந்தால் அதை எழுத ஓர் இடம் வேண்டுமல்லவா?

எல்லாம் முடிந்ததும் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங் போய், படிவம் நிரப்ப மட்டும் என்று பூட்டிவிடுவேன். பூட்டாவிட்டால் கடைசிக் கட்டத்தில் டேப் அழுத்தியதும் புது வரிசை முளைக்கும், கை தவறிக் கேள்வியே அழிந்துபோகும். கடவுச்சொல் வைக்கவில்லை, நீங்களே திறந்து மாற்ற வேண்டும். டெம்ப்ளேட்டாகச் சேமித்துத் தருகிறேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய பிரதியாகத்தான் திறக்கும், போன பிள்ளையின் விவரம் அடுத்த பிள்ளையின் படிவத்தில் தங்காது. இணையத்தில் பிடிஎஃப் ஆகவும் போட வேண்டும் என்றால் சொல். வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கினால் கட்டங்கள் வெறும் கோடும் எழுத்துமாகிவிடும், அதில் நிரப்ப முடியாது. அதற்கு லிப்ரே ஆஃபிஸில் தனியாகச் செய்து தருகிறேன்.

இன்னும் இரண்டு இடங்களில் உன் முடிவு வேண்டும். ஒன்று, பெயர். பழைய படிவத்தில் ‘முதல் பெயர், குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம். நம் ஊரில் யாருக்கடி குடும்பப் பெயர் இருக்கிறது? நிரப்புகிறவர் அப்பா பெயரை ஒரு நாள் அங்கே போடுவார், இன்னொரு நாள் முதலெழுத்தைப் போடுவார், பிறகு சான்றிதழில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று என்று அந்தப் பிள்ளை அலையும். ‘முதலெழுத்து’, ‘பெயர்’, ‘முதலெழுத்தின் விரிவு’ என்று மூன்றாக்கலாம் என்று நினைக்கிறேன். ‘பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி’ என்று பக்கத்தில் ஒரு வரி.

இரண்டாவது, பெற்றோர் பகுதி. உங்கள் விடுதியில் பாட்டியிடமிருந்தும் அத்தையிடமிருந்தும் வருகிற பிள்ளைகள் நிறைய என்று நீதான் சொன்னாய். அவர்கள் கையில் படிவத்தைக் கொடுத்ததும் முதல் கேள்வியாகத் ‘தந்தை பெயர்’ நிற்க வேண்டாம். ‘பிள்ளையை வளர்ப்பவர்’, ‘பிள்ளைக்கு என்ன உறவு’ என்பதை முதலில் வைத்துவிட்டு, தாய் தந்தை விவரங்களை அதற்கடுத்து ‘இருந்தால்’ என்று வைக்கிறேன். அறக்கட்டளைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுது. தணிக்கைக்குத் தந்தை பெயர் கட்டாயம் என்பார்களானால், அதை அலுவலக உபயோகத்துக்கு என்று கடைசி அட்டவணையில் சேர்த்து, நீங்களே நிரப்பிக்கொள்ளும்படி வைத்துவிடலாம்.

இந்த இரண்டுக்கும் பதில் வந்த மறுநாளே கோப்பை அனுப்பிவிடுவேன். உன் அலுவலகத்துப் பெண் கேட்டுப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று அவர் வாயாலேயே சொல்லட்டும், போன் செய்யச் சொல். ராத்திரி எட்டு மணிக்குமேல் கடை ஓய்வாக இருக்கும்.

அன்புடன்,
உன் தோழி