கப்பலுக்குப் போகிற சாவித்திரிக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள சாவித்திரி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மணிக்கட்டு வலியோடு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். எழுத்து மட்டும் பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே குண்டு குண்டாக இருக்கிறது. மகள் உங்கள் இருவரையும் ஃபுளோரிடாவுக்கு வரவழைத்து, அங்கிருந்து பஹாமாஸ் பக்கம் ஒரு வாரம் கப்பலில் அழைத்துப் போகிறாள் என்று படித்ததும் இவரிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். "ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் உட்கார்ந்து கடலையே மறந்துபோனவர்களுக்கு அடித்தது யோகம்" என்றார். அண்ணன் காதில் போடாதே, அப்புறம் இங்கே போன் வரும்.

சரி, நீ கேட்ட விஷயம். தலைக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று டிப்ஸ் கணக்கில் அவர்களே பில்லில் ஏற்றிவிடுகிறார்கள், வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்களாமே, எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். சொல்லாதே. அது அப்படியே இருக்கட்டும்.

உனக்கு வயிறு எரிவது எனக்குப் புரிகிறது. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் இப்போது ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை போடுகிறார்கள். பெரிய அறை எடுத்தால் அதற்கு மேல். 18 டாலர் என்றே வைத்துக்கொள். இரண்டு பேர், ஏழு நாள், 252 டாலர். நம் காசில் ஏறக்குறைய நாலாயிரம் ராண்ட் ஆகிறது. போதாததற்கு, குடிக்க ஏதாவது வாங்கினால் அதன் விலையிலும் 18, 20 சதவீதம் தனியாக ஏறும். ரசீதில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இன்னொரு வெற்றுக் கோடும் இருக்கும், 'கூடுதல் டிப்ஸ்' என்று. அந்தக் கோட்டை நிரப்ப வேண்டிய அவசியமில்லை. பழக்கதோஷத்தில் அண்ணன் அங்கேயும் பத்து சதவீதம் எழுதிவிடப் போகிறார், பார்த்துக்கொள்.

நாங்கள் மார்ச்சில் போனது டர்பனிலிருந்து. மொசாம்பிக் கரையில் பொமேன், அப்புறம் மாபுட்டோவுக்கு எதிரே இருக்கிற போர்ச்சுகீஸ் தீவு. வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதையெல்லாம் போட்டோவில் பார்த்துக்கொள். டிப்ஸ் விஷயத்தில் எங்களுக்குத் தலைவலி இல்லை, டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிட்டார்கள். ஆனால் கப்பலில் இருந்த நாளெல்லாம் நம் ஆட்கள் பேசிய பேச்சு இதுதான். மேல்தளத்தில் துனி சீட்டு ஆடிக்கொண்டே, "நம்மிடம் கேட்காமல் வாங்கினால் அதற்குப் பெயர் டிப்ஸா?" என்று ஒரு பெரியவர் பொரிந்து தள்ளினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

நம் ஊரில் யோசித்துப் பார். பெட்ரோல் போட வருகிற பையனுக்கு ஐந்து ராண்ட், கடை வாசலில் காரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டோ ஐந்தோ, சாப்பாட்டுக் கடையில் பத்து சதவீதம். யாரும் பில்லில் ஏற்றுவதில்லை, பெரிய கூட்டமாகப் போய் உட்கார்ந்தால் ஒழிய. ஆளைப் பார்த்து, கையில் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்குக் கப்பல்காரன் செய்வது வழிப்பறி மாதிரித்தான் தெரியும்.

ஆனால் நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம், டிப்ஸைக் கூலிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறது. 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்ட் என்று வைத்தார்கள். முதலாளி அதை முழுசாகத் தன் பையிலிருந்து கொடுத்தாக வேண்டும், மேசையில் நாம் வைப்பது அதற்கு மேல். நீ போகிற அமெரிக்காவில் தலைகீழ். டிப்ஸ் வாங்கும் ஆளுக்கு முதலாளி கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று 1991 முதல் மத்திய அரசுச் சட்டம் அப்படியே நிற்கிறது. டிப்ஸும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியை எட்டினால் சரி. மாநிலத்துக்கு மாநிலம் கூடும், அது வேறு.

கப்பலுக்கு இந்த இரண்டு சட்டமும் பொருந்தாது. என் மைத்துனர் துறைமுகத்தில் யூனியனில் இருந்தவர், அவர்தான் விளக்கினார். இந்த உல்லாசக் கப்பல்களில் அநேகமானவை பனாமாவிலோ பஹாமாஸிலோ மால்டாவிலோ பெர்முடாவிலோ பதிவானவை. எந்தக் கொடியோ அந்த நாட்டுச் சட்டம். நம் துறைமுக வாசலில் இருக்கிற பிளஃப் மலையைத் தாண்டிக் கப்பல் வெளிக்கடலுக்குப் போனதும் நம் ஊர்க் குறைந்தபட்சக் கூலி கரையிலேயே நின்றுவிடுகிறது. மாலுமிகளுக்கென்று உலகப் பொதுவான உடன்படிக்கை ஒன்று 2006-ல் எழுதி, 2013-ல் நடைமுறைக்கு வந்தது. 24 மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வு என்று அதில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஓய்வு பத்து என்றால் வேலை எவ்வளவு என்று நீயே கழித்துப் பார்.

பஃபேயில் தட்டு எடுக்கிற பையன் ஒருவன் எங்களிடம் ஒட்டிக்கொண்டான். மீன் குழம்பில் புளி இல்லை என்று இவர் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க தமிழா?" என்றான். நாகர்கோவில் பக்கம் ஊர். நாங்கள் பேசுவதைக் கேட்டால் அவன் பாட்டி பேசுகிற மாதிரி இருக்கிறதாம். எட்டு மாத ஒப்பந்தம், முழு நாள் லீவு என்று ஒன்று கிடையாது, துறைமுகத்தில் நிற்கும்போது சில மணி நேரம் கிடைத்தால் வீட்டுக்குப் போன் போடுவான். அவன் சம்பளத்தில் அடிப்படை கொஞ்சம், மீதி அந்த சர்வீஸ் தொகையிலிருந்து வருகிற பங்கு. "ஆளுங்க அதை எடுத்துட்டா எங்களுக்குத்தாம்மா குறையும். கையில குடுக்குறாங்க, இல்லேங்கல. ஆனா அது ரூம் பாக்குறவருக்கும் சாப்பாடு வைக்கிறவருக்கும்தான் போகும். கீழே துணி துவைக்கிறவங்களை யாரு பாக்குறா?" என்றான்.

சாவித்திரி, எனக்கு அங்கேயே எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, அப்பா பீச் ஓரத்து வெள்ளைக்காரர் ஹோட்டலில் வெயிட்டர். தாத்தாவின் முனிசிபாலிட்டி வேலைக்காகக் கொடுத்த மேகசின் பாரக்ஸ் அறையில் நாங்கள் எல்லோரும் அடைந்து கிடந்தோம். அவர் பரிமாறிய அந்த மேசையில் நாம் உட்காரக்கூட முடியாத காலம். இரவு வந்ததும் சட்டைப் பையைத் தட்டில் கொட்டுவார். 1961-ல் ராண்ட் வருவதற்கு முன்னால், டிக்கி என்கிற மூன்று பென்ஸ் காசும் ஆறு பென்ஸும் அரிதாக ஒரு ஷில்லிங்கும். டிக்கிகளைப் பொறுக்கி அடுக்குவது என் வேலை. அம்மா அதில்தான் அரிசி வாங்குவாள், சம்பளம் கடன்காரனுக்குப் போய்விடும்.

அந்த ஹோட்டலில் தலைமை வெயிட்டர் ஒரு தகர டப்பா வைத்திருந்தார். எல்லோரும் டிப்ஸை அதில் போட வேண்டும், சனிக்கிழமை இரவு பங்கு. தட்டு கழுவுகிறவர், உருளைக்கிழங்கு உரிக்கிறவர் எல்லோருக்கும் உண்டு. சில பேர் ஷூவுக்குள் ஒளித்துவைப்பார்களாம். அப்பா ஒளித்தாரா என்று எனக்குத் தெரியாது, புலம்புவார் என்று மட்டும் தெரியும். "நான் பல்லைக் காட்டி வாங்கின காசு, உள்ளே தட்டு கழுவுறவனுக்கு எதுக்கு?" என்பார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வாள்: "தட்டு அழுக்கா வந்திருந்தா உன் பல்லுக்கு எவன் காசு குடுத்திருப்பான்?"

அதற்கு அப்பாவிடம் பதில் இருந்ததில்லை. கப்பலில் நடக்கிற வாதத்துக்கும் அதற்கு மேல் எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

அந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் கூட்டிக் கேட்டபோதெல்லாம் ஹோட்டல் மானேஜர் சொன்னது, "உங்களுக்குத்தான் டிப்ஸ் வருகிறதே". இவர் பிடித்துக்கொள்வது அதைத்தான். நாம் கொடுக்கக் கொடுக்கக் கம்பெனி குறைத்துக்கொண்டே போகும், அவனே கொடுக்கட்டும் என்கிறார். நானும் அதைத்தான் சொல்கிறேன், அவனே கொடுக்கட்டும். டிக்கெட்டைச் சல்லிசாகக் காட்டி ஆளைப் பிடித்துவிட்டு, கூலியை டிப்ஸ் என்ற பெயரில் பின்வாசல் வழியாக வாங்குவது நாணயமான வியாபாரம் இல்லை. செய்ய முடியாத காரியமும் இல்லை. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனி 2019-ல் அந்தத் தினசரித் தொகையை நிறுத்தி டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிட்டது. சீபோர்ன், சில்வர்சீ மாதிரிப் பணக்காரக் கப்பல்களில் முதலிலிருந்தே டிப்ஸ் எல்லாம் விலைக்குள் அடக்கம். ஆனால் நீ மேசையில் போய் 252 டாலரை எடுக்கச் சொன்னால் அது முதலாளியின் காதில் விழப்போவதில்லை. துணி துவைக்கிறவர் கையில்தான் விழும்.

எங்கள் மருமகள் இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு கப்பலில் போனாள். கடைசி இரவு வரவேற்பு மேசையில் நீளமான வரிசையாம், எல்லாம் டிப்ஸை எடுக்கச் சொல்ல நின்றவர்கள். அதில் நம் ஆட்களும் இருந்தார்களாம். வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் துண்டில் யானையும் அன்னமும் மடித்துவைத்த ஆளைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, நேரே வந்து வரிசையில் நின்ற குடும்பம் ஒன்றாம். கோயில் அர்ச்சனைத் தட்டில் இருநூறு ராண்ட் தாளை மடிக்காமல் போடுகிற ஜனம்தானே நாம்! என்னவோ போ.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லையாம். கடைசி இரவு அறையில் கவர்கள் வைத்துவிடுவார்கள். அறை பார்த்தவருக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று. தினமும் ஒரே மேசை, ஒரே ஆள் என்று இருந்தவரை அது சரிப்பட்டது. இப்போது கப்பலுக்குள் பத்து சாப்பாட்டுக் கடை. காலையில் காப்பி கொடுத்த முகத்தை மறுபடி பார்ப்போமா என்பதே சந்தேகம். அதனால்தான் மொத்தமாக வாங்கிப் பங்கு போடுகிறார்கள். பங்கு எப்படிப் போடுகிறார்கள் என்று வெளியே காட்டுவதில்லை, அந்தக் குறை எனக்கும் உண்டு.

இனி உனக்கு வேண்டியது. போகுமுன் பேங்கில் ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாக மாற்றிக்கொள். துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர்கள் கப்பல் ஆட்கள் அல்ல, அந்தப் பொதுத்தொகையில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. பெட்டிக்கு ஒரு டாலரோ இரண்டோ கையில் கொடு. கரையில் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டி, வண்டி ஓட்டுநருக்கும் அப்படியே. அறை பார்க்கிறவர் உனக்குப் பிடித்துப்போனால் தனியாகக் கொடு. பொதுத்தொகையை நீ தொடாதவரை அந்தக் காசு அவருடையது. அதை எடுத்துவிட்டுக் கையில் கொடுத்தால் சில கம்பெனிகளில் அந்த ஆள் அதையும் பொதுவில் ஒப்படைக்க வேண்டும். ராண்ட் சில்லறையைக் கொண்டுபோய்க் கொடுக்காதே. எங்கள் கப்பலில் நிறைய பேர் அப்படித்தான் பையைக் காலிசெய்தார்கள். இந்தோனேசியாக்காரர் அந்த நாணயத்தை எந்த பேங்கில் மாற்றுவார்?

முக்கியமானது ஒன்று, அந்த நாகர்கோவில் பையன் சொன்னது. கடைசியில் கருத்து கேட்டு ஒரு படிவம் தருவார்கள், அல்லது ஈமெயில் வரும். அதில் ஆட்களின் பேரை எழுது, சட்டையில் ஊரோடு போட்டிருக்கும். பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அது உதவுமாம். உன் குண்டு எழுத்தில் எழுதினால் கப்பல் கேப்டனே படித்துவிடுவார்.

இங்கே வேறு விசேஷம் அதிகமில்லை. பெரிய வெள்ளிக்கு வழக்கம்போல மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் போனோம். கூட்டம் தாளவில்லை, என் முழங்காலும் தாளவில்லை, வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இருக்கிற ஏழெட்டும் கெட்டிக்காரப் பிள்ளைகள், அதிலும் ஒரு பெண் ழகரம் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருகிற பன்னி சௌ வாசனை வந்தால் மட்டும் கட்டு அவிழ்ந்துவிடும்.

கிளம்பும் தேதி முடிவானதும் எழுது. அண்ணனுடைய பிரஷர் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதே, கைப்பையில் வை. துறைமுகத்தில் ஒப்படைக்கிற பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

அன்புடன்,
கமலா