யானைப் பாடம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் 12 உலக யானைகள் நாள். அதையொட்டி ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இரண்டு வாரம் யானைப் பாடம் நடத்துகிறோம். படம் வரைவதும் பாட்டும் உண்டு. தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்டதையும் சொல்லித்தரப் போகிறோம். "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்டதால் இந்தக் கடிதம்.

தந்தம் யானையின் பல். மேல்தாடை வெட்டுப்பல்தான் அப்படி நீண்டு வளர்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் இருக்கும். முழுத் தந்தம் வேண்டும் என்பவன் யானையைக் கொன்றுதான் எடுக்கிறான். மான் கொம்பு உதிர்வதுபோல் தந்தமும் தானாக விழும் என்று நம்பும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அப்படி நம்பி வளரக் கூடாது.

நம் காட்டு யானைகளில் ஆணுக்குத்தான் தந்தம். அதனால் வேட்டைக்காரர்கள் கொம்பன்களையே தேடிச் சுட்டார்கள். கேரளத்தின் பெரியாறு காட்டில் 1980களின் கடைசியில், வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் யானைகள் நூறுக்கும் மேல் என்ற நிலை வந்தது. கன்றுகள் பிறப்பதே குறைந்துபோனது. இந்தப் பக்கம் சத்தியமங்கலம் காட்டில் வீரப்பன் கும்பல் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். அதை வீரக்கதையாகப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

ஆப்பிரிக்காவில் நடந்தது இன்னும் பெரிய கொடுமை. 1979இல் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்தன. பத்தே ஆண்டுகளில் 6 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. 1989 ஜூலையில் கென்யா அரசு 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீ வைத்தது. அதே ஆண்டுதான் உலக நாடுகள் கூடி ஆப்பிரிக்கத் தந்த வணிகத்துக்கும் தடை போட்டன. அவ்வளவு விலையுள்ள பொருளை ஒரு நாடு ஏன் எரித்தது என்ற கேள்வியை ஏழாம், எட்டாம் வகுப்புகளில் ஒரு முழுப் பாடவேளைக்குப் பேசவிடப் போகிறோம். வீட்டிலும் கேட்பார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை சுட ஆள் இருப்பான் என்பதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.

இறந்த யானைகளின் படங்களை எந்த வகுப்பிலும் காட்ட மாட்டோம். அந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பயம் போகும் என்று யானை முடி மோதிரமோ காப்போ போட்டுக்கொண்டு சில பிள்ளைகள் வருகிறார்கள். அதை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கோயில் தெருவில் கிடைக்கிறது என்பதால் சரியாகிவிடாது. தயவுசெய்து வாங்காதீர்கள். தாத்தா காலத்துத் தந்தப் பொம்மையோ சீப்போ வீட்டில் இருந்தால் அதற்கு வனத்துறையின் உரிமைச் சான்று வேண்டும். சான்று இருந்தாலும் விற்க முடியாது. பிள்ளை அதைப் பற்றிக் கேட்டால் அதட்டாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

நம் மேட்டுப்பாளையம் பக்கம் இன்று யானைகளைக் கொல்வது பெரும்பாலும் துப்பாக்கி இல்லை. திருட்டு மின்வேலியும், காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற, கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடியும்தான். அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் சிதறி, தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது. தோட்டம் வைத்திருக்கும் பெற்றோரே, யானையால் உங்களுக்கு ஆகும் நட்டம் எனக்குத் தெரியும். வாழை ஒரே இரவில் போய்விடும் வேதனையையும் வகுப்பில் பேசுவோம். உங்களில் யாராவது வந்து அதைப் பிள்ளைகளிடம் நேரில் சொன்னால் மகிழ்வேன்.

இரண்டாம் வாரம் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு அழைத்துச் செல்கிறோம். ராகி, கொள்ளு உருண்டை ஊட்டுவதைப் பார்ப்பார்கள். யானையோடு செல்பி கிடையாது, நெகிழிப் பையும் கூடாது. சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொடுத்துவிடுங்கள். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்